எண்ணூர் முகத்துவாரத்து மீனை வீட்டில் யார் உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம்?

கேள்வி: ஐயா, நாங்கள் எர்ணாவூரில் வசிக்கிறோம். என் கணவர் பிறந்து வளர்ந்தது இந்தப் பகுதியில்தான். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆற்றில் வலை போடுபவர்களிடமே நேரில் போய் மடவை, கொடுவா, இறால், நண்டு என்று வாங்கி வருவார். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது சில மாதம் நிறுத்தி வைத்திருந்தோம். இப்போது மீனில் எண்ணெய் வாடை இல்லை என்பதால் மறுபடியும் வாங்குகிறோம். என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பேரனுக்கு மூன்று வயது. ஆற்று மீனில் உலோகம் சேர்ந்திருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்குக் கலக்கமாக இருக்கிறது. “அறுபது வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு என்ன ஆயிற்று?” என்கிறார் கணவர். மஞ்சளும் புளியும் சேர்த்து நன்றாகக் கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடாதா? பிரசவத்துக்குப் பிறகு மருமகளுக்குப் பால் சுறா கொடுக்கலாமா? சளி பிடித்தால் பேரனுக்கு நண்டு ரசம் வைத்துத் தருவது வழக்கம். அதையும் நிறுத்த வேண்டுமா?
— ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்:

அம்மா அவர்களுக்கு வணக்கம். விடையை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் மருமகளும் பேரனும் எண்ணூர் முகத்துவாரத்திலும் அதனோடு சேரும் பக்கிங்காம் கால்வாயிலும் பிடிபட்ட மீன், இறால், நண்டு, மட்டி எதையும் உண்ண வேண்டாம். ஆனால் அவர்கள் மீன் உண்பதையே நிறுத்திவிடக் கூடாது. கடலில் பிடித்த சிறுமீன்களுக்கு மாறினால் போதும். நீங்களும் உங்கள் கணவரும் ஆற்று மீனை மாதத்தில் ஓரிரு முறை என்று குறைத்துக்கொண்டு, ஆளி (ஓட்டுக்குள் வாழும் சிப்பி வகை), மட்டி, பெரிய கொடுவா ஆகியவற்றை அறவே விட்டுவிட்டு, மற்றவற்றைக் குடலும் ஈரலும் செவுளும் நீக்கி உண்ணலாம். மாதத்தில் ஓரிரு முறை என்பது சட்டம் சொல்லும் அளவு அன்று. மீனில் நச்சு உலோகங்களை அளக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் செய்யும் கணிப்பு. ஒரே வீட்டில் இருவருக்கு ஒரு விதமாகவும் மற்ற இருவருக்கு வேறு விதமாகவும் சொல்வது குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணூர் மீன் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. எந்த உயிரி, அதன் எந்தப் பகுதி, எந்த நஞ்சு, உண்பவர் யார், எத்தனை முறை உண்கிறார் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

வாடை இல்லை என்பதை நீங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணெயைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. கச்சா எண்ணெயும் அதன் கழிவும் மீனின் தசையில் ஏறினால் மிகக் குறைந்த அளவிலேயே மண்ணெண்ணெய் போன்ற வாடை தெரிந்துவிடும். எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு மீன்பிடிப்பை மறுபடி அனுமதிக்கலாமா என்று பல நாடுகளில் முடிவு செய்யும்போது, பயிற்சி பெற்றவர்களை முகர்ந்தும் சுவைத்தும் பார்க்கச் செய்வது ஆய்வகச் சோதனையோடு சேர்ந்த ஒரு நடைமுறை. தவிர, முதுகெலும்புள்ள மீனின் ஈரலில் இருக்கும் நொதிகள் எண்ணெயின் நச்சுக்கூறுகளை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். ஆகவே தண்ணீர் தெளிந்தபின் சில வாரங்களிலேயே மீனின் தசை பெரும்பாலும் சுத்தமாகிவிடுகிறது. ஆளிக்கும் மட்டிக்கும் அந்தத் திறன் மிகவும் குறைவு. அவை தண்ணீரை வடிகட்டியே உயிர் வாழ்பவை என்பதால் எண்ணெய்த் துகளையும் சாக்கடைக் கிருமியையும் உலோகத்தையும் ஒருசேர வாங்கி வைத்துக்கொள்கின்றன. கடற்கரைகளின் மாசை அளக்க உலகெங்கும் சிப்பி இனங்களையே பயன்படுத்தலாம் என்று அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975ஆம் ஆண்டில் முன்மொழிந்ததற்கு இந்த இயல்புதான் காரணம். மாசை அளக்கும் கருவியாகப் பயன்படும் ஓர் உயிரியை, அது மாசடைந்த இடத்திலேயே பிடித்து உண்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண்ணெயிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீரின் மேல் மிதந்தது போய்விட்டாலும், அலையாத்தி வேர்களுக்கு அடியில் காற்றுப் புகாத சேற்றில் இறங்கியது எளிதில் போவதில்லை. 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஃபால்மவுத் என்ற ஊருக்கு அருகே ஒரு படகிலிருந்து கொட்டிய எண்ணெய், அங்குள்ள உவர்நிலச் சேற்றில் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. அந்தச் சேற்றில் வாழும் நண்டுகள் எண்ணெய்ப் படலத்தைத் தொட்டதும் வளையை மேலும் ஆழமாகத் தோண்டாமல் பக்கவாட்டில் திரும்பிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணூரில் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கால்வாய் வழியே முகத்துவாரத்துக்குள்ளேயே எண்ணெய் வந்து சேர்ந்தது. இரண்டாவது நிகழ்வுதான் சேற்றைப் பொறுத்தவரை கவலைக்குரியது. மீனைவிட நண்டையும் மட்டியையும் கண்டு நான் அதிகம் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் மருமகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணெய் இரண்டாம் பட்சமே. வாடையும் நிறமும் சுவையும் இல்லாத உலோகங்கள்தான் முதலில் வருகின்றன. கொசஸ்தலையாறு மேலிருந்து கொண்டுவரும் நுண்ணிய களிமண் துகள்களில் உலோகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்னீரில் தனித்தனியாக மிதக்கும் அந்தத் துகள்கள், பாலில் எலுமிச்சை பிழிந்ததும் திரிவது போல, கடலின் உப்புநீரைத் தொட்டவுடன் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படிந்துவிடுகின்றன. ஆறு சுமந்து வந்த மாசின் பெரும்பகுதி கடலுக்குப் போகாமல் முகத்துவாரச் சேற்றிலேயே தங்கிவிடுவது இப்படித்தான். எண்ணூரில் இதற்கு மேல் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது. நீரில் கரைத்த சாம்பலைச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் உடைந்து ஆற்றில் கொட்டியது பலமுறை நடந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், சிறிதளவு பாதரசம் எல்லாம் உண்டு. ஆற்றின் அடியில் படிந்த சாம்பல் ஆழத்தைக் குறைத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; அந்தப் படிவிலிருந்து உலோகங்கள் மெல்ல மெல்ல உயிரிகளுக்கு ஏறுவது தெரிவதில்லை.

எல்லா உலோகமும் ஒரே விதமாக ஏறுவதும் இல்லை. ஈயத்தை மீன் பெரும்பாலும் எலும்பிலும் செவுளிலும் செதிலிலும் வைத்துக்கொள்கிறது, தசையில் குறைவு. காட்மியம் ஈரலையும் சிறுநீரகத்தையும் தேடிப் போகும். நண்டில் ஓட்டைத் திறந்தவுடன் தெரியும் மஞ்சளும் பழுப்புமான குழைவு அதன் செரிமானச் சுரப்பி. காட்மியம் அதிகமாகச் சேர்வது அங்கேதான், வெள்ளைச் சதையில் அன்று. இந்த இரண்டு உலோகங்களையும் பொறுத்தவரை அரிவாள்மனைக்கு ஓரளவு அதிகாரம் உண்டு: குடல், ஈரல், செவுள், தலை ஆகியவற்றை எறிந்தால் கணிசமான பங்கு போய்விடும். அதே காரணத்தால், முள்ளோடு மென்று தின்னும் ஆற்றுப் பொடிமீனைக் குழந்தைக்குத் தரக் கூடாது.

பாதரசத்தின் கதை வேறு. சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், கடல்நீரில் தாராளமாக இருக்கும் சல்பேட்டை வைத்து உயிர் வாழும்போது, பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் ஏறும் நச்சு வடிவமாக மாற்றிவிடுகின்றன. அலையாத்திச் சேறும் முகத்துவாரச் சேறும் இதற்கு ஏற்ற இடங்கள். மெத்தில் பாதரசம் கொழுப்பில் தங்குவதில்லை. புரதத்தோடு பிணைந்து தசையிலேயே அமர்ந்துவிடுகிறது. தோலை உரித்தாலும் கொழுப்பை வழித்தாலும் அது போகாது. நுண்பாசியிலிருந்து சிறு மிதவை உயிரிக்கும், அதிலிருந்து பொடிமீனுக்கும், பொடிமீனிலிருந்து கொடுவாவுக்கும் ஏற ஏற அதன் செறிவு ஒவ்வொரு படியிலும் பெருகுகிறது. வயதும் ஒரு கணக்கு. ஒரே ஆற்றில் பிடித்த இரண்டு கொடுவாக்களில் நான்கு கிலோ எடையுள்ளதில் இருக்கும் பாதரசச் செறிவு, அரைக் கிலோ எடையுள்ளதைவிடப் பொதுவாக அதிகமாகவே இருக்கும். சந்தையில் பெரிய மீனுக்கு மதிப்பும் விலையும் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மதிப்பைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மடவையைப் பற்றி உங்கள் கணவர் நிச்சயம் கேட்பார் என்பதால் தனியாகச் சொல்கிறேன். மடவை பிற மீனை வேட்டையாடுவதில்லை. சேற்றின் மேற்பரப்பில் படரும் பாசியையும் மட்கிய பொருளையும் மண்ணோடு சேர்த்து அள்ளி விழுங்குகிறது. உணவுச் சங்கிலியில் கீழ்ப்படியில் இருப்பதால் அதன் தசையில் பாதரசம் குறைவாகவே இருக்கும். ஆனால் சேற்றையே விழுங்குவதால் மற்ற உலோகங்கள் குடல் வழியாக ஈரலுக்குப் போகின்றன. எண்ணூர் மடவையையும் கோவளம் முகத்துவாரத்து மடவையையும் ஒப்பிட்டுச் சென்னை பாரதி மகளிர் கல்லூரி ஆய்வாளர்கள் செய்த ஆய்வுகளில், எண்ணூர் மீனின் ஈரல் செல்கள் கூடுதல் நெருக்கடியில் இருப்பது தெரிந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மீன்கள் செத்து மிதந்தவை அல்ல. நீந்திக்கொண்டிருந்தவை, வலையில் துள்ளியவை. துள்ளுகிற மீன் புத்தம்புதிது என்பதற்குச் சாட்சி. நஞ்சு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. மடவையை வாங்கினால் மண் நிறைந்த இரைப்பையையும் குடலையும் கிழியாமல் எடுத்து, வயிற்றின் உட்புறக் கருஞ்சவ்வையும் சுரண்டிவிட்டு, சதையை மட்டும் வையுங்கள்.

இனி அளவு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக மீனில் பாதரசத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 0.5 பிபிஎம், அதாவது ஒரு கிலோ மீனில் அரை மில்லிகிராம். பிற மீனை உண்டு வாழும் பெருமீன்களுக்கு அது 1.0 பிபிஎம். எண்ணூர் மீன் பற்றி ஏதாவது செய்தி வரும்போதெல்லாம் “வரம்புக்குள்தான் இருக்கிறது” என்று ஒருவரும் “வரம்பைத் தாண்டிவிட்டது” என்று இன்னொருவரும் வாதிடுவதைக் காண்கிறோம். இருவருமே மறந்துவிடுவது, அந்த வரம்பு சந்தையில் விற்கும் பண்டத்துக்கானது என்பதையும் தினமும் மீன் உண்ணும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று என்பதையும்தான். உடலுக்கான கணக்கு தனி. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003ஆம் ஆண்டில், கருவிலுள்ள குழந்தையைக் கருத்தில்கொண்டு, ஒருவர் தம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை உட்கொள்ளலாம் என்று வரையறுத்தது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். மருமகளின் எடை 50 கிலோ என்றால் அவருக்கு வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். மீன் தசையில் உள்ள பாதரசத்தில் பெரும்பங்கு மெத்தில் வடிவத்திலேயே இருப்பதால் முழுவதையும் அப்படியே வைத்துக்கொள்வோம். சட்ட வரம்பைத் தொட்டும் தாண்டாமலும் 0.5 பிபிஎம் உள்ள மீனை அவர் உண்டால், வாரத்துக்கு 160 கிராமோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது. அது ஒரு வேளைக் குழம்பில் போகும் மீன். பேரன் 12 கிலோ இருந்தால் அவனுக்கு 19 மைக்ரோகிராம்தான். அதே மீனில் 38 கிராம், ஒரு சிறிய துண்டு. மீனில் 0.1 பிபிஎம் மட்டுமே இருந்தால் மருமகள் வாரம் 800 கிராம் வரை உண்ணலாம். ஆக, சட்டப்படி விற்கத் தகுந்த மீனே வாரம் நான்கு நாள் உண்பவருக்கு அளவு மீறலாம். வரம்பைத் தாண்டிய மீனை ஆண்டுக்கொருமுறை உண்ட பெரியவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களிலும் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களிலும் விற்காமல் மிஞ்சியது அன்றன்றைக்கு உலைக்குப் போகிறது. அந்தக் குடும்பங்களின் உணவளவை வைத்து ஒரு தனி வரையறை செய்யப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

கருவிலுள்ள குழந்தைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அதற்கு ஜப்பானின் மினமாத்தா கொடுத்த விலை இருக்கிறது. அங்கே ஒரு வேதியியல் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. 1956 மே மாதத்தில் அந்த நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. வளர்ந்தவர்கள் தள்ளாடினார்கள், பார்வை குறுகியது, பேச்சு குழறியது. ஆனால் அதிகம் நோய்ப்படாத தாய்மார்கள் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றார்கள். கருவைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடி, தாயிடமிருந்து கருவுக்கு நஞ்சைப் போக விடாது என்று மருத்துவர்கள் நம்பியிருந்த காலம் அது. ஜப்பானியக் குடும்பங்களில் குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பெட்டியில் வைத்திருக்கும் வழக்கம் உண்டு. மருத்துவர் மசாசுமி ஹராடா அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்தபோது மெத்தில் பாதரசம் இருந்தது. நஞ்சுக்கொடி அதைத் தடுக்கவில்லை என்பது மட்டுமன்று. தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் செறிவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும் என்பது பின்னர் உறுதிப்பட்டது. எண்ணூர் மினமாத்தா ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே கலந்த பாதரசத்தின் அளவு வேறு. மூளை உருவாகும் மாதங்களில் தாய்க்குத் தெரியாத அளவுகூடக் குழந்தைக்குப் பொருட்டாகும் என்பதே அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஐந்து மாதம் போய்விட்டதே என்று உங்கள் மருமகள் கலங்க வேண்டாம். மெத்தில் பாதரசம் உடலில் ஏறக்குறைய 50 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இன்று நிறுத்தினால் பிரசவத்துக்குள் அது பெருமளவு வடிந்துவிடும்.

அதற்காக அவரை மீனே வேண்டாம் என்று மரக்கறியில் நிறுத்தினால் வேறு இழப்பு நேரும். குழந்தையின் மூளைக்கும் விழித்திரைக்கும் தேவையான ஒமேகா கொழுப்பு அமிலமும், அயோடினும், நல்ல புரதமும் மீனில் ஒன்றாகக் கிடைப்பது போல வேறெதிலும் எளிதாகக் கிடைப்பதில்லை. காசிமேட்டில் இறங்கும் மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு கடல்மீன்கள் ஓரிரு ஆண்டுகளே வாழ்பவை, மிதவை உயிரிகளை உண்பவை. பாதரசம் சேர நேரம் கிடைப்பதில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று வேளை இவற்றைக் கொடுங்கள். இவை கடலில் பிடித்தவையா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். எண்ணூர் மீனவர்களிலேயே கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆற்றில் மாசைக் கலந்தது அவர்கள் அல்லர். அவர்களிடம் வாங்குவதையே நிறுத்தும் தண்டனை அவர்களுக்கு வேண்டியதில்லை.

பால் சுறா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சுறாப்புட்டு பால் சுரக்க வைக்கும் என்ற நம்பிக்கை நம் கடலோரத்தில் எவ்வளவு ஆழமானது என்பதை அறிவேன். பிரசவித்த வீட்டுக்கு உறவினர்கள் தேடி வாங்கி வந்து கொடுப்பார்கள், அதை மறுப்பது எளிதன்று. ஆனால் சுறா இனம் மற்ற மீன்களைத் தின்று மெதுவாக வளர்வது. பாதரசத்தைப் பற்றிய பல நாடுகளின் எச்சரிக்கைப் பட்டியல்களில் சுறா இடம்பெறுகிறது. பன்னாட்டு உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் மெத்தில் பாதரசத்துக்குத் தனி வரம்பு வைத்திருக்கும் சில மீன்களில் சுறாவும் ஒன்று. குஞ்சுச் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும் என்றாலும், தாய்ப்பால் வழியே சிறிதளவு பாதரசம் குழந்தைக்குப் போகும் என்பதால், கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. பால் சுரப்புக்கு உதவுவது போதுமான உணவும் நீரும் குழந்தை அடிக்கடி பால் குடிப்பதும்தான். பூண்டும் மிளகும் போட்ட அதே பக்குவத்தில் நெத்திலிப் புட்டு செய்யலாம். மாமியார் கையால் வந்தது என்ற மனநிறைவும் குறையாது.

மஞ்சளும் புளியும் மீனின் கவிச்சியை எடுக்கும். அந்த வாடைக்குக் காரணமான அமைன் வகைப் பொருளைப் புளிப்பு கட்டிவிடுகிறது. உலோகத்தை அவை தொடுவதில்லை, எவ்வளவு நேரம் கொதித்தாலும் உலோகம் சிதைவதும் இல்லை. வறுக்கும்போது மீனிலிருந்து நீர்தான் போகிறது. நஞ்சு அப்படியே நிற்பதால் ஒரு கிராம் வறுவலில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்கிறது. கருவாட்டில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்; நீரில் பெரும்பங்கை வெயிலில் விட்ட ஆற்று மீனின் கருவாடு, ஒரு கைப்பிடி அளவில் இரண்டு மூன்று கைப்பிடி மீனின் உலோகத்தை வைத்திருக்கும். ஆகவே ஆற்று மீனில் போட்ட கருவாடு வீட்டில் இருந்தால் பேரனுக்கு வேண்டாம். பூச்சிக்கொல்லி, பிசிபி (மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட ஒரு தொழிற்சாலை வேதிப்பொருள்) போன்ற கொழுப்பில் தங்கும் நஞ்சுகளுக்கு மட்டும் சமையல் ஓரளவு உதவும். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, எண்ணெய் வடிய விட்டால் அவை குறையும். உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன் என்று விற்கப்படும் பொடிகளையும் செந்தூரங்களையும் கர்ப்பிணிக்குத் தர வேண்டாம். உலோகம் கலந்த மருந்தால் உலோகத்தை வெளியேற்றும் முயற்சியில் இறங்க இது நேரமன்று.

உங்கள் கணவரின் வாதத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் அறுபது ஆண்டுகளாக உண்டது ஒரே ஆற்றின் மீன் அன்று. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994இல். அவருடைய மூளையும் எலும்பும் வளர்ந்த வயதில் சேற்றில் இவ்வளவு சேர்ந்திருக்கவில்லை. பேரனோ அத்தனையும் படிந்த பிறகு பிறந்து, வளரும் வயதில் அதே மீனை உண்கிறான். காட்மியம் மனிதச் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை பாதியாகாமல் தங்கக்கூடியது. அது தரும் கேடு வலியாகவோ காய்ச்சலாகவோ வெளிப்படுவதில்லை. ஆகவே அவர் நலமாகவே உணர்ந்தாலும், சிறுநீரகச் செயல்பாட்டுக்கான வழக்கமான இரத்த, சிறுநீர்ப் பரிசோதனையை ஆண்டுக்கொருமுறை செய்துகொள்ளட்டும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் கட்டாயம் செய்ய வேண்டும்.

மீனை நீங்களே ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாமா என்று அடுத்துத் தோன்றக்கூடும். அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகங்கள் செய்து தரும், ஆனால் ஒரு மீனை ஒருநாள் சோதித்த முடிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே வகையில் ஐந்தாறு மீனின் சதையைக் கலந்து கொடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் என இருமுறை பார்த்தால் ஓரளவு பொருள் உண்டு. மழையில் ஆற்றின் உப்பு குறையும்போது காட்மியம் உயிரிகளுக்குள் எளிதில் நுழையும் வடிவத்துக்கு மாறுவதால் பருவத்தோடு அளவும் மாறும். நாளிதழ்களில் வரும் எண்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் உலர் எடைக்கு அளவைத் தருகின்றன. சட்ட வரம்போ பச்சை மீனின் எடைக்கானது. மீனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர் என்பதால், உலர் எடை எண்ணை நான்கு அல்லது ஐந்தால் வகுத்த பிறகே வரம்போடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் ஐந்து மடங்கு பீதி கிளப்பிய தலைப்புச் செய்திகளைப் பார்த்திருக்கிறேன். ஆர்சனிக்கும் அப்படியே, கடல்மீனில் இருப்பதில் பெரும்பகுதி கேடில்லாத கரிமச் சேர்ம வடிவத்தில் இருக்கும், மொத்த அளவை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

மீனைச் சோதிப்பதைவிட, பேரனுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. உங்கள் பகுதியில் ஈயம் மீன் வழியாக மட்டும் வருவதில்லை. தூசி, பழைய வண்ணப்பூச்சு, மண் என்று பல வழிகள் உண்டு, மூன்று வயதுக் குழந்தையின் கை எப்போதும் வாயில்தான் இருக்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2021இல் வழிகாட்டியிருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், கீரையும் கேழ்வரகும் பாலும் அவனுக்கும் அவன் தாய்க்கும் தாராளமாகக் கிடைக்கட்டும். மருத்துவர் தந்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மருமகள் விடாமல் சாப்பிடட்டும்.

நண்டு ரசத்தை நிறுத்த வேண்டியதில்லை. நண்டை மாற்றினால் போதும். முகத்துவாரச் சேற்றில் வளை தோண்டி வாழும் பச்சை நண்டை விட்டுவிட்டு, கடலில் வலையில் வரும் நீலக்கால் நண்டையோ மூன்று புள்ளி நண்டையோ வாங்குங்கள். அதிலும் ஓட்டைத் திறந்ததும் மஞ்சள் குழைவையும் செவுளையும் முழுவதும் வழித்து எறிந்து, ஓடும் நீரில் கழுவி, கால்களையும் வெள்ளைச் சதையையும் மட்டும் இடித்து ரசம் வையுங்கள். மஞ்சள் குழைவோடு கொதிக்க வைத்தால் அதிலுள்ள காட்மியத்தில் ஒரு பங்கு ரசத்தில் இறங்கிவிடும். குழந்தைக்கு நண்டை ஊட்டாமல் ரசத்தை மட்டும் தந்தாலும் அது போய்ச் சேரும்.